வெப்பத்துக்கு ஒரு மடை

இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தால் மின்சாரம் அந்தக் கணமே நின்றுவிடுகிறது. சூடு அப்படி நிற்பதில்லை. ஆற வேண்டிய நேரத்தை அடித்தகடு எடுத்துக்கொண்டே தீரும். நாம் செய்யக்கூடியது, துணியில் படாமல் பெட்டியை நிமிர்த்தி வைப்பது ஒன்றுதான். பால் பொங்கி வரும்போதும் அப்படியே. அடுப்பை அணைத்துவிட்டுச் சும்மா நின்றால் போதாது, பாத்திரத்தை இறக்க வேண்டும். வெப்பத்தை நிறுத்த நாம் தினமும் செய்வது பெரும்பாலும் இந்த ஒரே வேலைதான்: ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிரித்து வைப்பது.

மின்சாரத்துக்கு சுவிட்ச் இருக்கிறது, ரெகுலேட்டர் இருக்கிறது, விரல்நகம் அளவு சிப்பில் கோடிக்கணக்கில் டிரான்சிஸ்டர் இருக்கிறது. வெப்பத்துக்கு அப்படி ஒன்று கிடையாதா? எதையும் நகர்த்தாமல், ஒரு பொருளுக்குச் சில வோல்ட் கொடுத்தே அதன் வழியாகப் போகும் வெப்பத்தைக் கூட்டிக் குறைக்க முடியாதா?

முடியும், கொஞ்சம். அந்தக் கொஞ்சம் எங்கிருந்து கிடைக்கிறது என்று பார்ப்போம். ஃபெர்ரோமின் பொருள்கள் என்று ஒரு குடும்பம் உண்டு. கதை அவற்றைப் பற்றியது.

சிக்கல் எங்கே?

முதலில் ஒரு எண். ஒரு மீட்டர் கனம், ஒரு சதுர மீட்டர் பரப்பு உள்ள ஒரு கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 1 டிகிரி சூடாக இருந்தால் எத்தனை வாட் வெப்பம் அதைக் கடந்து போகும்? அதுதான் வெப்பக் கடத்துத்திறன். அசையாத காற்றுக்கு 0.026. கண்ணாடிக்குச் சுமார் 1. செம்புக்கு 400. நல்ல வைரத்துக்கு 2000 வரை போகும். அதாவது காற்றிலிருந்து வைரம் வரை போனாலும் வித்தியாசம் ஒரு லட்சம் மடங்குக்குள் அடங்கிவிடுகிறது. மின்சாரத்தில் செம்புக்கும் ஒரு நல்ல மின்காப்புப் பொருளுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுத, 1-க்குப் பின்னால் 20 சுழியங்களுக்கு மேல் போட வேண்டும். வெப்பத்தை முழுசாகத் தடுக்கும் பொருள் என்று ஒன்று இயற்கையிலேயே இல்லை. எந்தச் சுவரும் அதற்குக் கசியும் சுவர்தான்.

உலோகத்தில் வெப்பத்தைச் சுமப்பவை பெரும்பாலும் எலக்ட்ரான்கள். மின்சாரத்தைச் சுமப்பவையும் அவையே என்பதால்தான் செம்பு இரண்டு வேலையிலும் கெட்டி. மின்காப்புப் பொருளில் ஓடித் திரிய எலக்ட்ரான் இல்லை. அங்கே வெப்பம் அணுக்களின் அதிர்வாகப் போகிறது.

கயிற்றுக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு பையன் குதித்தால் தலைமாட்டில் படுத்திருக்கும் தாத்தாவின் தூக்கம் கலைகிறது. பையன் தலைமாட்டுக்கு வரவில்லை, கயிறும் இடம் மாறவில்லை. ஆட்டம் மட்டும் முடிச்சுக்கு முடிச்சு கைமாறி வந்திருக்கிறது. படிகத்துக்குள் அணுக்கள்தான் முடிச்சு, அவற்றுக்கு இடையிலான பிணைப்புதான் கயிறு. குவாண்டம் உலகில் இந்த ஆட்டம் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். ஒளியின் பொட்டலத்துக்கு ஃபோட்டான் என்று பெயர் இருப்பதுபோல் இதற்கு ஃபோனான் என்று பெயர்.

ஃபோனானுக்கு மின்னூட்டம் கிடையாது. சிக்கலே அங்கேதான். டிரான்சிஸ்டருக்குள் எலக்ட்ரானை மின்னழுத்தம் இழுத்தும் விரட்டியும் விளையாடுகிறது. ஃபோனான் அந்தக் கூப்பாட்டுக்குச் செவி சாய்க்காது. ஆனால் ஆட்டத்தைப் பிடிக்க முடியாவிட்டாலும் கட்டிலை மாற்றலாம் இல்லையா? கயிற்றை இன்னும் இழுத்துக் கட்டலாம். நடுவே குறுக்காக ஒரு கட்டையைக் கொடுக்கலாம். அல்லது பின்னலையே அவிழ்த்து வேறு தினுசில் பின்னலாம். ஒவ்வொரு முறையும் ஆட்டம் வேறு மாதிரிப் போகும். வோல்ட் கொடுத்தால் தன் கட்டிலைத் தானே திருத்திக்கொள்ளும் பொருள் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

பெயரில் மட்டும் இரும்பு

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு வணிகர்கள் இலங்கையிலிருந்து ஒரு கல்லை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். சூடான கரியின் அருகே வைத்தால் அது சாம்பல் துகளைத் தன் பக்கம் இழுத்தது. டச்சுக்காரர்கள் அதற்குச் 'சாம்பல் இழுப்பான்' என்றே பெயர் வைத்தார்கள். டூர்மலின் என்று இன்று நாம் சொல்லும் பெயர் சிங்களச் சொல்லிலிருந்து போனது. அந்தக் கல்லுக்குள் பாசிட்டிவ் மின்னூட்டமும் நெகட்டிவ் மின்னூட்டமும் ஒரே இடத்தில் மையம் கொள்ளாமல் சற்று விலகி நிற்கின்றன. இந்த விலகலுக்குத்தான் முனைவாக்கம் என்று பெயர். சூடு மாறும்போது விலகலும் மாறுகிறது, மேற்பரப்பில் மின்னூட்டம் தெரிகிறது, சாம்பல் ஒட்டுகிறது.

ஆனால் டூர்மலினின் முனைவாக்கம் பிறவிக் குணம். எத்தனை வோல்ட் கொடுத்தாலும் திசை மாறாது. திசை மாறும் பொருளை 1920-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாலசெக் கண்டார். அவர் கையில் இருந்தது ரோஷெல் உப்பு. மின்புலத்தைத் திருப்பினால் அதன் முனைவாக்கமும் திரும்பியது. மின்புலத்தை எடுத்த பிறகும் திரும்பிய பக்கமே நின்றது. இரும்பு காந்தமாகும்போது வரும் வளைவு மாதிரியே இதன் வரைபடமும் இருந்ததால் இந்தக் குடும்பத்துக்கு, இரும்பைக் குறிக்கும் 'ஃபெர்ரோ' ஒட்டிக்கொண்டது. இவற்றில் பெரும்பாலானவற்றில் இரும்பு மருந்துக்கும் கிடையாது. பிஸ்மத் ஃபெர்ரைட் மாதிரி ஒன்றிரண்டுதான் விதிவிலக்கு.

பேரியம் டைட்டனேட்டை எடுத்துக்கொள்வோம், உள்ளே எட்டிப் பார்க்க அது வசதி. அதன் படிகம் ஒரே மாதிரிப் பெட்டிகளின் அடுக்கு. ஒரு பெட்டியின் பக்கம் 0.4 நானோமீட்டர் (ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு). எட்டு மூலையிலும் பேரியம், ஆறு முகத்தின் நடுவிலும் ஆக்சிஜன், பெட்டியின் நட்டநடுவில் டைட்டானியம். 120 டிகிரி செல்சியஸுக்கு மேல் டைட்டானியம் சரியாக நடுவில் இருக்கிறது. அதற்குக் கீழே ஆறினால் ஒரு பக்கமாக நகர்ந்துவிடுகிறது. எவ்வளவு? சுமார் 0.01 நானோமீட்டர், பெட்டியின் நீளத்தில் நாற்பதில் ஒரு பங்கு. அந்தத் துளி விலகல்தான் முனைவாக்கம். டைட்டானியம் நகரும்போது பெட்டியும் அந்தத் திசையில் கொஞ்சம் நீள்கிறது. பேரியம் டைட்டனேட்டில் இந்த நீட்சி 1 சதவீதம். லெட் டைட்டனேட்டில், அதாவது காரீயம் சேர்ந்ததில், 6 சதவீதம் வரை போகிறது. ஒரு படிகத்துக்கு 6 சதவீதம் என்பது லேசான விஷயம் இல்லை.

இந்தச் சமாசாரம் நம் சமையலறையிலேயே கிடக்கிறது. 'டக்' என்று அமுக்கும் கேஸ் லைட்டருக்குள் ஒரு சின்ன உருளை இருக்கிறது. காரீயம், ஸிர்கோனியம், டைட்டானியம் கலந்த பீங்கான். சுருக்கமாக பி.ஸெட்.டி. சுத்தியல் போன்ற ஒரு முனை அதை அடிக்கும்போது சில ஆயிரம் வோல்ட் பிறந்து பொறி தெறிக்கிறது. ஆலையில் சூளையிலிருந்து வெளியே வரும்போது அந்த உருளைக்கு இந்தத் திறமை கிடையாது. உள்ளே ஒவ்வொரு பகுதியின் முனைவாக்கமும் ஒவ்வொரு திக்கில் பார்த்துக்கொண்டு ஒன்றையொன்று அடித்துவிடும். பெரிய மின்னழுத்தம் கொடுத்து எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்க்க வைத்த பிறகுதான் அது லைட்டருக்கு ஆகும்.

அந்த 'ஒவ்வொரு பகுதி'க்கு டொமைன் என்று பெயர். வயல்வெளியை மேட்டிலிருந்து பார்ப்பதுபோல் நினைத்துக்கொள்ளலாம்: ஒவ்வொரு வயலிலும் பயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, அடுத்த வயலில் வேறு பக்கம். இரண்டுக்கும் நடுவே வரப்பு. இந்த வரப்புதான் டொமைன் சுவர். கனம் சுமார் ஒரு நானோமீட்டர், இரண்டு மூன்று பெட்டி அகலம். மண்வரப்பு மாதிரி இது நிலையானதும் இல்லை. மின்புலம் கொடுத்தால் நகரும், கரையும், வேறு இடத்தில் புதிதாக முளைக்கும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஃபெர்ரோமின் பொருளில் எலக்ட்ரான்கள் ஓடித் திரிந்தால் கொடுக்கிற மின்புலத்தை அவையே மறைத்துவிடும், திசை திருப்ப முடியாது. ஆகவே இவை மின்காப்புப் பொருளாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் இவற்றுக்குள் வெப்பத்துக்கு ஒரே வண்டி ஃபோனான்தான். கட்டிலை மாற்றினால் வெப்பம் மாறியே ஆக வேண்டும்.

கயிற்றை இழுப்பது, வரப்பு போடுவது

கயிற்றை இழுத்துக் கட்டும் வழியில் இருப்பது பெரும்பாலும் கணக்குதான். நீண்டுபோன பெட்டியில் முனைவாக்கத் திசையில் வெப்பம் போவதும் அதற்குக் குறுக்கே போவதும் ஒன்றல்ல. மின்புலம் கொடுத்தால் டைட்டானியம் இன்னும் கொஞ்சம் நகர்கிறது, பிணைப்புகளின் விறைப்பு மாறுகிறது, ஃபோனான்களின் வேகமும் அவை மோதிக்கொள்ளும் விதமும் மாறுகின்றன. பார்சிலோனாவின் பொருளறிவியல் நிறுவனத்திலும் லக்சம்பர்க்கிலும் உள்ள ஆய்வாளர்கள் லெட் டைட்டனேட்டை வைத்து 2018-இல் இதைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். மின்புலத்தின் திசையைப் பொறுத்து வெப்பத்தின் அளவை மாற்றலாம் என்பதோடு, வெப்பம் போகும் திசையையே சற்றுச் சாய்க்கலாம் என்றும் வந்தது. இதற்கு அவர்கள் எலக்ட்ரோஃபோனானிக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல பெயர். ஆனால் இதில் பெரிய மாற்றம் வேண்டுமென்றால் மின்புலமும் மிகப் பெரிதாக வேண்டும்.

வரப்பு விஷயம் பழையது. மிகக் குளிர்ந்த நிலையில் டொமைன் சுவர்கள் வெப்பத்தை மறிக்கும் என்பது பேரியம் டைட்டனேட்டில் அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்துவிட்டது. சுவரின் இரு பக்கமும் பெட்டிகள் வேறு வேறு பக்கம் நீண்டிருப்பதால் வந்த ஃபோனானில் ஒரு பகுதி திரும்பியோ சிதறியோ போகிறது. சரி, அப்புறம் ஏன் இத்தனை வருஷம் யாரும் இதை வைத்து ஒரு சுவிட்ச் செய்யவில்லை? குளிர்தான் காரணம். குளிரில் ஃபோனான்கள் குறைவு, ஒவ்வொன்றும் வெகுதூரம் தடையில்லாமல் போகும். நடுவில் ஒரு வரப்பு வந்தால் அதற்குத் தெரியும். அறை வெப்பநிலையில் படிகத்துக்குள் திருவிழாக் கூட்டம். ஒரு ஃபோனான் சில நானோமீட்டர், மிஞ்சினால் சில பத்து நானோமீட்டர் போவதற்குள் இன்னொன்றின் மேல் இடித்துவிடுகிறது. நூறு அடிக்கு ஒரு கயிறு கட்டியிருந்தால் அந்த நெரிசலில் யாருக்கு உறைக்கும்? கயிறுகள் உறைக்க வேண்டுமென்றால் அடிக்கொரு கயிறு கட்ட வேண்டும்.

அடிக்கொரு கயிறு என்பதைத்தான் மெல்லிய படலங்கள் சாத்தியமாக்கின. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்துக் குழு, அதே லைட்டர் குடும்பத்துப் பி.ஸெட்.டி.யை இரண்டு அடுக்குப் படலமாக வளர்த்து, டொமைன்கள் நானோமீட்டர் கணக்கில் நெருங்கி நிற்கும்படி செய்தது. மின்னழுத்தம் கொடுத்தபோது வரப்புகளின் அமைப்பு மாறியது, அதோடு வெப்பக் கடத்துத்திறனும் மாறியது. அறை வெப்பநிலையில், ஒரு நொடிக்குள், திரும்பத் திரும்ப. மாறிய அளவு 11 சதவீதம். 2015-இல் வெளியான இந்த எண்ணைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அதுவரை அறை வெப்பநிலையில் ஒரு திடப்பொருளில் எந்தப் பாகமும் அசையாமல் ஃபோனானை இப்படி வேகமாகக் கையாண்டது கிடையாது.

100 நானோமீட்டர் படலத்துக்குள் வெப்பம் எப்படிப் போகிறது என்று அளப்பதே ஒரு வித்தை. தெர்மாமீட்டர் நுழையாது. படலத்தின் மேல் அலுமினியம் போன்ற ஓர் உலோகத்தை மெல்லிசாகப் பூசுகிறார்கள். ஒரு லேசர் துடிப்பு அதைச் சூடாக்குகிறது. கொஞ்சம் தாமதமாக இன்னொரு லேசர் துடிப்பு அதே இடத்தில் பட்டுத் திரும்புகிறது. சூடான உலோகம் ஒளியைத் திருப்புவது சிறிதளவு மாறும், 1 டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போல. இரண்டாவது துடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்திக்கொண்டே போனால் உலோகம் எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்று தெரிந்துவிடும். கீழே இருக்கும் படலம் வெப்பத்தை நன்றாக வாங்கிக்கொண்டால் சீக்கிரம் ஆறும், இல்லையென்றால் மெதுவாக.

பின்னலையே மாற்றுவது

இதுவரை வந்த முடிவுகளில் எனக்கு அதிகம் பிடித்தது இந்த மூன்றாவது வழி. இதில் வருவது ஃபெர்ரோமின் பொருளின் பங்காளி, ஆன்ட்டிஃபெர்ரோமின் பொருள். பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்து, மொத்தத்தில் முனைவாக்கமே இல்லாததுபோல் நிற்கும். லெட் ஸிர்கோனேட் அப்படிப்பட்டது. போதுமான மின்னழுத்தம் கொடுத்தால் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவையும் திரும்பி, முழுப் பொருளும் ஃபெர்ரோமின் நிலைக்குத் தாவுகிறது. மின்னழுத்தத்தை எடுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

திசை மாறுவது மட்டுமல்ல இங்கே நடப்பது. எதிரெதிராகச் சாய்ந்து நிற்கும்போது, கோலத்தில் ஒரே வடிவம் திரும்ப வருவதற்கு நிறைய புள்ளி தள்ளிப் போக வேண்டியிருப்பதுபோல், படிகத்தின் பின்னல் திரும்ப வர 40 அணுக்கள் ஆகின்றன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்ததும் அந்த எண்ணிக்கை மளமளவென்று குறைந்துவிடுகிறது. திரும்ப வரும் அலகில் உள்ள ஒவ்வொரு அணுவுக்கும் மூன்று என்ற கணக்கில் அதிர்வு வகைகள் உண்டு. 40 அணு என்றால் 120 வகை.

வகை கூடினால் வெப்பத்துக்கு என்ன? சில்லறை மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். ஃபோனான்கள் மோதும்போது ஒன்று உடைந்து இரண்டாகும், அல்லது இரண்டு சேர்ந்து ஒன்றாகும். எப்படியானாலும் ஆற்றல் கணக்கு பைசா பிசகாமல் நேராக வேண்டும். கடைக்காரரின் கல்லாவில் இரண்டு மூன்று வகை நோட்டுதான் இருந்தால் உங்கள் நோட்டுக்குப் பல சமயம் சில்லறை கிடைக்காது. நோட்டு உடையாமல் அப்படியே உங்கள் பையில் போகும். 120 வகை இருந்தால் எந்த நோட்டையும் உடைத்துவிடலாம். லெட் ஸிர்கோனேட்டின் சாதாரண நிலையில் ஃபோனான்கள் போகிற வழியெல்லாம் உடைந்துகொண்டே இருக்கின்றன, வெப்பம் தட்டுத்தடுமாறிப் போகிறது. வோல்ட் கொடுத்ததும் கல்லாவில் நோட்டு வகைகள் குறைகின்றன, சில்லறை தட்டுப்பாடு, ஃபோனான்கள் முழுசாக நீண்ட தூரம் போகின்றன.

2023-இல் வெளியான அளவீடு: 10 வோல்ட்டுக்கும் குறைவான மின்னழுத்தத்தில் வெப்பக் கடத்துத்திறன் 2.2 மடங்குக்கு மேல் மாறியது. மாறுவதற்கு ஆன நேரம் 150 நானோநொடிக்குள். ஒரு கோடி தடவைக்கு மேல் மாற்றியும் தாங்கியது. அதற்கு முன் ஃபெர்ரோமின் பொருள்களில் கிடைத்த மாற்றம் 1.2 மடங்கைக்கூடத் தாண்டவில்லை என்பதோடு வைத்துப் பார்த்தால் இந்தத் தாவலின் அருமை புரியும்.

சரி, கடைக்கு எப்போது வரும்?

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும். 10 வோல்ட் என்பது கைபேசி சார்ஜர் அளவுதானே என்று தோன்றும். படலம் 100 நானோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதே மின்புலத்தை, அதாவது ஒவ்வொரு நானோமீட்டர் கனத்துக்கும் அதே அளவு வோல்ட்டை, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள வில்லைக்குக் கொடுக்க ஒரு லட்சம் வோல்ட் வேண்டும். காற்றே ஒரு மில்லிமீட்டருக்கு 3000 வோல்ட் வந்தால் பொறி தெறித்து உடைந்துவிடும். ஆகவே இந்த வித்தை படலத்தோடு கட்டுப்பட்டது. கனமாக வேண்டுமென்றால் படலத்தையும் மின்முனையையும் மாற்றி மாற்றிப் பல அடுக்கு போட வேண்டும். பேரியம் டைட்டனேட் கெப்பாசிட்டர்களை ஏற்கெனவே அப்படித்தான் செய்கிறார்கள். உங்கள் கைபேசிக்குள் அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

படலத்தில் இன்னொரு தொல்லை. இந்தப் பொருள்களின் வெப்பக் கடத்துத்திறன் 1, 2 என்ற அளவில்தான், கிட்டத்தட்ட கண்ணாடி மாதிரி. 100 நானோமீட்டர் கண்ணாடி வெப்பத்தை எவ்வளவு தடுக்கும்? சுமார் 2, 3 நானோமீட்டர் காற்று இடைவெளி தடுக்கும் அளவுதான். இரண்டு பொருளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து அழுத்தினாலே இடையில் அதைவிட அதிகமாகக் காற்று மாட்டிக்கொள்ளும். அதாவது படலம் தன் தடையை 2 மடங்கு மாற்றினாலும், அதை ஒரு பேட்டரிக்கும் அதன் உறைக்கும் நடுவே வைத்தால் வெளியே ஒன்றும் தெரியாது. மடை திறந்தது உண்மைதான், வாய்க்காலில் வேறு பத்து அடைப்பு இருக்கிறதே. வெப்பத்தின் பாதையே நானோமீட்டர் கணக்கில் இருக்கும் இடங்களில், சிப்புக்குள் அல்லது மெல்லிய அடுக்குகள் சேர்ந்த கருவிகளில், இந்த மடைக்கு மதிப்பு உண்டு. செய்திகளில் 'இனி கைபேசி சூடாகாது' என்று தலைப்பு வந்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடை ரொம்ப நாளாகத் தேவைப்படும் ஓர் இடம் உண்டு. ஃபெர்ரோமின் பொருளுக்குத் திடீரென்று மின்புலம் கொடுத்தால் அது சூடாகும், எடுத்தால் குளிரும். இதை வைத்து கம்ப்ரசர் இல்லாமல் குளிர்பெட்டி செய்யலாம். சூடான கட்டத்தில் அந்த வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும், குளிர்ந்த கட்டத்தில் உள்ளேயிருந்து வெப்பத்தை வாங்க வேண்டும். அதாவது வெளிப்பக்க மடையும் உள்பக்க மடையும் மாறி மாறித் திறந்து மூட வேண்டும். தப்பான நேரத்தில் இரண்டும் திறந்திருந்தால் குளிர்வித்ததெல்லாம் வீண். செய்து பார்த்த மாதிரிகளில் பொருளையே இங்கும் அங்கும் நகர்த்துகிறார்கள், அல்லது ஒரு திரவத்தை முன்னும் பின்னும் ஓட்டுகிறார்கள். மின்னழுத்தத்தால் திறந்து மூடும் திடமான மடை கிடைத்தால் அந்த மோட்டாரும் பம்பும் போய்விடும்.

காரீயம்தான் இன்னொரு தலைவலி. இதுவரை சொன்னவற்றில் நன்றாக வேலை செய்தது எல்லாவற்றிலும் அது இருக்கிறது, சிப் ஆலைகளோ பெரும்பாலும் அதைத் தவிர்க்கவே பார்க்கும். அதனால் பலருடைய கண் ஹாஃப்னியம் ஆக்சைடு மேல் விழுந்திருக்கிறது. கொஞ்சம் சிலிக்கான் சேர்த்தால் அதுவும் மெல்லிய படலமாக ஃபெர்ரோமின் குணம் காட்டும் என்பது 2011-இல் தெரியவந்தது. சிப் ஆலைகள் 2007-இலிருந்தே டிரான்சிஸ்டருக்குள் ஹாஃப்னியம் ஆக்சைடைப் பூசிக்கொண்டிருக்கின்றன.